காப்புக் கட்டின வீட்டுல கொலாஜன்

அன்னைக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். கோவில்பட்டிக்குப் போயி, கூரியர் ஆபீஸ்ல ஒரு பார்சலை வாங்கிட்டு, அடுத்த பஸ்ஸுல ஊருக்குத் திரும்பணும்.

அவ்வளவுதான். இதுல என்ன தப்பு நடந்துறப் போகுதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

பார்சல்ல இருந்தது கொலாஜன் பவுடர். வயசாக ஆக தோலுக்கு அடியில இருக்குற ஏதோ ஒரு சத்து குறைஞ்சு போகுமாம். அதனாலதான் சுருக்கம் விழுதாம். இந்தப் பவுடரைக் கலக்கிக் குடிச்சா தோலு மறுபடி இறுகுமாம். போன்ல வந்த ஒரு வீடியோவுல ஒரு பொம்பளை சொன்னா. அவ முகம் புளி போட்டுத் தேய்ச்ச பித்தளைச் செம்பு மாதிரி பளபளன்னு இருந்தது. நம்பிட்டேன்.

நம்புறதுக்கு ஒரு காரணம் இருந்தது.

போன மாசம் ஆதார்ல போன் நம்பர் மாத்தணும்னு நானும் எங்க வீட்டுக்காரரும் இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால இருந்த பொண்ணு என்னை நிமிர்ந்து பாத்துச்சு.

"ஆச்சி, நீங்க இங்கன ஓரமா உக்காருங்க. முதல்ல உங்க மகன் வரட்டும்."

"மகனா?"

"கூட வந்திருக்காவளே, அவிய உங்க மகன்தான?"

எங்க வீட்டுக்காரர் என்னைவிட நாலு வயசு மூத்தவர்! அன்னைக்கு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, பஸ் ஏறி எங்க ஊர் விலக்குல இறங்குற வரைக்கும் நிக்கல. "என்ன அண்ணாச்சி, ஒரே சந்தோஷம்?"னு கண்டக்டர் கேட்டார். அவர்கிட்டயும் விளக்கமா சொன்னார். அதுக்கப்புறம் பஸ்ஸே சிரிச்சது.

என் மூஞ்சி ஏன் அப்படி ஆச்சுன்னு யாரும் கேக்கல. எங்களுக்குக் கொஞ்சம் கரிசக்காடு இருக்கு. உளுந்து, மக்காச்சோளம், பருத்தின்னு காட்டு வேலை பூரா நான்தான். அவர் கோவில்பட்டியில ஒரு உரக்கடையில ஃபேனுக்கு அடியில உக்காந்து பில்லு போடுறார். இருபத்தெட்டு வருஷமா வெயில் எனக்கு, காத்து அவருக்கு. இதுல மாசம் ரெண்டு தடவை தலைக்கு டை வேற அடிச்சுக்குவார். பின்ன மகன் மாதிரி இல்லாம எப்படி இருப்பார்?

அதனாலதான் எங்க மக செல்விக்குப் போன் போட்டேன். அவ கல்யாணமாகி கோயம்புத்தூர்ல இருக்கா.

"யம்மா, உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"நீ சும்மா ஆர்டரைப் போடுட்டி. உங்க அப்பாகிட்ட மூச்சு விடாத."

போட்டுட்டா. எங்க ஊருக்குள்ள கூரியர்க்காரங்க வர மாட்டாங்க. கோவில்பட்டி ஆபீஸ்லதான் போயி வாங்கணும்.

போனேன். கூட்டம். கவுண்டர்ல இருந்த தம்பி பார்சல்ல எழுதியிருந்ததைப் படிச்சுட்டு, நாலு பேருக்குக் கேக்குற மாதிரி கேட்டார்.

"ஏக்கா, இது மூஞ்சியில தேய்க்கதா, குடிக்கதா?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு. என் மூஞ்சியை ஒரு தடவை பாத்துச்சு. அதுல ரெண்டு தலை, 'ஆமா, தேவைதான்'ங்கிற மாதிரி ஆடுச்சு.

"சத்து மாவு தம்பி"ன்னேன்.

முதல் பொய். வாயில இருந்து அவ்வளவு சுலபமா வந்துச்சு.

பஸ் ஸ்டாண்டுல ஒரு ஓரமா நின்னு அட்டைப் பெட்டியைப் பிரிச்சேன். உள்ள ஒரு டப்பா. லேபிள்ல பூரா இங்கிலீஷ், அதுவும் எறும்பு சைஸ்ல எழுத்து. எனக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. கண்ணாடி போடணும்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. கண்ணாடி போட்டா கிழவி மாதிரி தெரியும்னு நான் போடல. சரி, படத்தையாவது பாப்போம்னு பாத்தேன். நீலக் கலர்ல ஒரு கடல் அலை.

நிறைய தண்ணி ஊத்திக் குடிக்கணும் போலன்னு புரிஞ்சுக்கிட்டேன்.

கழுகுமலை பஸ்ஸுல ஏறி உக்காந்தா, பக்கத்து சீட்டுல எங்க அடுத்த வீட்டுப் பேச்சியக்கா! அக்காகிட்ட ஒரு விஷயம் போச்சுன்னா, நாம வீடு போயிச் சேருறதுக்குள்ள அது ஊர் முழுக்கச் சுத்தி நம்ம வீட்டு வாசல்ல நிக்கும்.

"பையில என்னட்டி?"

"சத்து மாவு அக்கா."

"யாருக்கு? நீ நல்லாத்தான இருக்கே?"

இந்த இடத்துல நான் வாயை மூடியிருக்கணும்.

"அவியளுக்குத்தான் அக்கா. நாளைக்குக் காப்புக் கட்டுதாவல்லா? ஒரு நேரச் சாப்பாடு. தெம்பு வேண்டாமா?"

எங்க ஊர் காளியம்மனுக்கு அடுத்த வாரம் பங்குனிப் பொங்கல். எட்டு நாளைக்கு முன்னாலயே காப்புக் கட்டிருவாங்க. அன்னையில இருந்து ஊருக்குள்ள கறி மீன் கிடையாது. கருவாட்டு வாசம்கூட வரக்கூடாது. குழம்பைத் தாளிக்கக்கூட மாட்டோம். நேர்ந்துக்கிட்டவங்க கையில மஞ்சக் கயிறு கட்டிக்கிட்டு, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, பொங்கல் அன்னைக்குத் தீச்சட்டி எடுப்பாங்க.

இந்த வருஷம் எங்க வீட்டுக்காரர் நேர்ந்திருந்தார். செல்விக்குக் கல்யாணமாகி ஆறு வருஷமா குழந்தை இல்ல. இப்பதான் அஞ்சாம் மாசம். அலைச்சல் கூடாது, அதிர்ச்சி கூடாது, படுத்தே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மக நல்லபடியா பெத்துப் பிழைக்கணும்னு இவர் அம்மன்கிட்ட சட்டிக்கு ஒத்துக்கிட்டார். சிகரெட் இல்லாம அரை நாள் இருக்க மாட்டாத மனுஷன், மகளுக்காக எட்டு நாள் இருக்கேன்னுட்டார். என்னைப் பாத்துச் சிரிக்கிறதைத் தவிர மத்தபடி தங்கமான ஆளு.

வீட்டுக்கு வந்ததும் பவுடரை ஒரு எவர்சில்வர் டப்பாவுல கொட்டினேன். லேபிள் டப்பாவைத் தூக்கிப் பரண்ல போட்டேன். ஒரு கரண்டி கலக்கிக் குடிச்சேன். கொஞ்சம் வாடை அடிச்சது. இளமைன்னா சும்மாவான்னு முழுங்கிட்டேன்.

சாயந்தரம் எங்க வீட்டுக்காரர் வந்தார். வாசல்லயே நின்னார். ஒரு மாதிரி பாத்தார்.

"ஏட்டி, எனக்குச் சத்து மாவு வாங்கியாந்தியாமே? பேச்சியக்கா சொன்னாவ."

நான் அடுப்படிக்கு நழுவப் பாத்தேன்.

"இருபத்தெட்டு வருஷத்துல நீ எனக்குன்னு ஒரு கர்சீப்பு வாங்குனது கிடையாது."

 சொல்லும்போது அவருக்கு நிஜமாவே கண்ணு கலங்கிருச்சு! நான் என்ன செய்ய? 'அது உங்களுக்கு இல்ல, என் கன்னத்துக்கு'ன்னு சொல்லவா முடியும்? டப்பாவை எடுத்து நீட்டினேன்.

"ஒரு கரண்டி போதுங்க."

"ரெண்டாப் போடு. ஆசையா வாங்கியிருக்கே."

ரெண்டு போட்டேன். அதோட விட்டாரா? டப்பாவைக் கொண்டுபோயி பூஜை அலமாரியில அம்மன் படத்துக்குப் பக்கத்துல வச்சிட்டார். பொண்டாட்டி வாங்கித் தந்ததாம். இனிமே நான் ஒளிஞ்சு எடுக்கணும்னாலும் அம்மன் முன்னாலதான் எடுக்கணும். கை வரல.

ஆக, என் பங்குக்கு வந்தது ஒரே ஒரு கரண்டி.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காப்புக் கட்டினாங்க. அவர் காலையில ரெண்டு கரண்டி, ராத்திரி ரெண்டு கரண்டின்னு குடிச்சார். நான் அடுப்படியில நின்னு ஒவ்வொரு கரண்டியையும் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

மூணாம் நாள் ஒரு விசித்திரம் நடந்தது. எங்க வீட்டுல ஒரு பூனை உண்டு. யாரையும் மதிக்காது. எங்க வீட்டுக்காரரைக் கண்டா வாலைத் தூக்கிக்கிட்டு வெளிய போயிரும். அந்தப் பூனை அன்னைக்கு அவர் காலைச் சுத்திச் சுத்தி வருது! அவர் குடிச்சு வச்ச டம்ளரை நக்குது. கோயிலுக்குப் போனா பின்னாலயே போகுது. அவர் கும்பிடும்போது பக்கத்துல உக்காந்துக்குது.

"பாத்தியா? வாயில்லா ஜீவனுக்குக்கூட விரதத்தோட அருமை தெரியுது"ன்னார்.

நானும் ஆச்சரியமா பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு மண்டையில ஒண்ணும் உறைக்கல.

நாலாம் நாள் பேச்சியக்கா சுவருக்கு மேல தலையை நீட்டினாங்க.

"ஏட்டி, தம்பி மூஞ்சியப் பாத்தியா? என்ன களை! என்ன மினுமினுப்பு!"

கோயில்ல பூசாரி அண்ணாச்சியும் அவர் தாடையைப் பிடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பாத்தாராம்.

"அம்மன் உன் மூஞ்சியில வந்து உக்காந்துட்டாடே!"

ரெண்டு வேளை பச்சைத் தண்ணிக் குளியல், சிகரெட் கிடையாது, நேரத்தோட தூக்கம். அதனாலகூட அந்தக் களை வந்திருக்கலாம். ஆனா என் மனசு கேக்குதா? அது என் மினுமினுப்பு! என் கன்னத்துக்கு வர வேண்டியது அவர் கன்னத்துல போயி உக்காந்திருக்கு. வயித்தெரிச்சல் தாங்காம மஞ்சளையும் தயிரையும் குழைச்சு மூஞ்சியில பூச ஆரம்பிச்சேன். நமக்கு வாய்ச்சது அதுதான்.

அஞ்சாம் நாள் சனிக்கிழமை. காப்புக் கட்டினவங்க எல்லாம் கடைசி நாட்கள்ல கோயில்லயே தங்குறது எங்க ஊர் வழக்கம். எங்க வீட்டுக்காரர் காலையிலயே பாயைச் சுருட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். நான் தலைக்கு ஊத்தி, முடியை விரிச்சுப் போட்டு, மூஞ்சி நிறைய மஞ்சளோட முத்தத்துல உக்காந்திருந்தேன். மத்தியானம் செல்வி போன் பண்ணினா.

"யம்மா, பவுடர் எப்படி இருக்கு? மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான குடிச்சே?"

"எதுக்குட்டி மூக்கைப் பொத்தணும்?"

"வாடை அடிக்கும்லா? மீன் தோலுல இருந்து எடுக்குதது. டப்பாவுல கடல் அலைப் படம்கூடப் போட்டிருக்குமே. ஊருல காப்புக் கட்டியாச்சுல்லா, அதான் ஞாபகம் வந்துச்சு. பொங்கல் முடியுத வரைக்கும் அதைத் தொடாதம்மா."



மீன்! கையில காப்போட அஞ்சு நாளா மீனு! அதுவும் யாருக்காக நேர்ந்துக்கிட்ட காப்பு? இந்தா, போன்ல பேசிக்கிட்டு இருக்காளே, இவளுக்காக.

அதிர்ச்சி கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு. "சரிம்மா, எடுத்து வச்சிருதேன். நீ தூங்கு"ன்னு சாதாரணமா பேசி வச்சிட்டேன்.  எனக்குச் சாமி பயம் உண்டு. மக விஷயத்துல பத்து மடங்கு உண்டு.

டப்பாவைத் தூக்கிக் கண்காணாம எறிஞ்சிரணும்னு பூஜை அலமாரிக்கு ஓடினேன்.

டப்பாவைக் காணோம்.

"அக்கா! அவிய டப்பாவைப் பாத்தியளா?"ன்னு சுவருக்கு இந்தப் பக்கம் நின்னு கத்தினேன்.

பேச்சியக்கா சாவகாசமா பதில் சொன்னாங்க. "காலையிலயே தம்பி கையில கொண்டு போச்சே. கோயில்ல பதினோரு பேரு பட்டினி கிடக்காவளாம். மத்தியான மோருல கலக்கி ஆளுக்கு ஒரு செம்பு குடுக்கப் போறேன்னுச்சு. நானும் அங்கனதான் கிளம்புதேன். பொறு, சேந்து போவோம்."

பொறுக்கிறதா! ஓடினேன்.

பங்குனி மாசத்து உச்சி வெயில். கால்ல செருப்பு இல்ல. விரிச்ச தலை, மஞ்சப் பூசின மூஞ்சி, எதேச்சையா உடுத்தியிருந்தது மஞ்சச் சேலை. பின்னால பேச்சியக்கா மூச்சு வாங்க ஓடி வர்றாங்க. அவங்களுக்கும் பின்னால வாலைத் தூக்கிக்கிட்டு எங்க பூனை.

கோயில் வாசலுக்கு வந்தேன். மண்டபத்துல ஒரு அண்டா மோர். அதைச் சுத்தி காப்புக் கட்டினவங்க உக்காந்திருக்காங்க. எங்க வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து கரண்டி நிறைய பவுடரை அள்ளி, அண்டாவுக்கு மேல கொண்டு போயிட்டார்.

"நிறுத்துங்க!"

அவ்வளவு பெரிய குரல் எனக்கு இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.  யாரோ ஒருத்தர் கத்தினார்.

"ஏ, சாமி வந்துட்டு! சாமி வந்துட்டு!"

நான் பின்னால திரும்பி, யாருக்கு வந்திருக்குன்னு பாத்தேன். பின்னால பூனைதான் இருந்தது.

அதுக்குள்ள உறுமிக்காரர் அடிக்க ஆரம்பிச்சிட்டார். பொம்பளைங்க குலவை போடுறாங்க. ஒருத்தர் குடத்தோட தண்ணியை என் கால்ல ஊத்தினார். வெந்து போயிருந்த காலுக்கு அது மட்டும் சொகமா இருந்தது. பூசாரி அண்ணாச்சி வேப்பிலையை என் கையில திணிச்சு, நெத்தியில விபூதியை அப்பிட்டார்.

"சொல்லு தாயி! என்ன குறை வச்சோம்?"

"அது வேண்டாம்! அந்த டப்பா வேண்டாம்!"

எங்க வீட்டுக்காரர் கரண்டியை அப்படியே டப்பாவுக்குள்ள போட்டுட்டார்.

"வேண்டாம்னு உத்தரவு ஆயிட்டு! டப்பாவ மூடுங்கடே!"ன்னார் பூசாரி.

அப்பதான் எனக்குப் புத்தி வேலை செஞ்சது. அடடா, இது நல்ல வழியா இருக்கே! ரெண்டு ஆட்டம் ஆடிட்டு, டப்பாவைக் கிணத்துல போடுன்னு ஒரு உத்தரவு குடுத்துட்டு மயங்கி விழுந்தா போதும். மீனும் தெரியாது, சுருக்கமும் தெரியாது. மெதுவா ஆடவும் ஆரம்பிச்சேன்னு வெக்கத்தை விட்டுச் சொல்லிருதேன்.

அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரர் என் முன்னால வந்து நின்னார். ரெண்டு கையையும் கூப்பினார். மணிக்கட்டுல மஞ்சக் கயிறு. கண்ணுல தண்ணி ஓடுது.

"தாயே, எம் மக செல்விக்கு நல்லபடியா பிள்ளை பெறக்குமா? ஒரு வார்த்தை சொல்லிரு தாயே."

நான் ஆடுறதை நிறுத்திட்டேன்.

ஆறு வருஷமா அவர் என்கிட்டகூட இதைக் கேட்டதில்ல. மகளைப் பத்திப் பேச்சு வந்தாலே ஏதாவது சொல்லிச் சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவார். உள்ள இவ்வளவு பயத்தை வச்சிருக்கார்னு எனக்குத் தெரியாது.

'பெறக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் நிம்மதியா போயிருப்பார். ஆனா அந்தப் பதில் எனக்கும்தான வேணும்? எனக்கே தெரியாததை அம்மன் பேரைச் சொல்லி அவருக்கு எப்படிக் குடுக்க?

"ஏங்க, நான்தாங்க. சாமி இல்ல."

அவருக்குப் புரியல. "ஆங்?"ன்னார்.

"நான்தாங்க. உங்க பொண்டாட்டி."

குலவை நின்னுச்சு. உறுமி மட்டும் சேதி தெரியாம இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சுட்டு, அதுவும் நின்னுச்சு.

பூசாரி அண்ணாச்சிக்குக் கோபம். "சாமி இல்லன்னா பின்ன ஏம்மா இப்படி ஓடியாந்தே?"

"அது மீனு அண்ணாச்சி. அந்தப் பவுடரு மீன் தோலுல செஞ்சது. இப்பதான் மக போன்ல சொன்னா."

பதினோரு பேரும் அண்டாவை விட்டு ஒரு முழம் பின்னால நகந்து உக்காந்தாங்க. மூச்சு வாங்க வந்து சேந்த பேச்சியக்கா நேரா என் முன்னால வந்தாங்க.

"சத்து மாவுன்னுல்லாட்டி எங்கிட்டச் சொன்னே?"

மீன்னு சொல்லும்போதுகூட நாக்கு எனக்குத் தடுக்கல. அடுத்த வரிக்குத்தான் தடுக்குச்சு. ஊரே நிக்குது.

"மூஞ்சிச் சுருக்கம் போகுததுக்கு வாங்கினேன் அக்கா. எனக்கு."

பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கிளம்புச்சு. அம்மன் சன்னிதிங்கிறதால அதைப் பாதியில அடக்கிட்டாங்க. அடக்கின சிரிப்பு, விட்ட சிரிப்பைவிட மோசம்.

அதுக்குள்ள எங்க பூனை மண்டபத்துல ஏறி, மூடியைத் தட்டிவிட்டு, டப்பாவுக்குள்ள தலையை விட்டுருச்சு. அதுக்கப்புறம் யாரும் வேற சாட்சி கேக்கல.

எங்க வீட்டுக்காரர் என்னையே பாத்துக்கிட்டு இருந்தார். காப்பு கெட்டுப் போச்சேன்னு கத்துவார்னு எதிர்பாத்தேன். அவர் மெதுவா கேட்டார்.

"அப்ப அதை நீ எனக்குன்னு வாங்கலியா?"

கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

பூசாரி அண்ணாச்சி அம்மனுக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டார். அப்புறம் சொன்னார்.

"தெரியாமக் குடிச்சிருக்கான். அம்மன் கோவிச்சுக்க மாட்டா. ஆனா கைக்காப்போட மீனு உள்ள போயிட்டு. இந்த வருஷம் இவன் சட்டி தூக்கக் கூடாது."

எங்க வீட்டுக்காரர் அப்படியே தரையில உக்காந்துட்டார்.

"அதுக்காக நேந்தது நிக்கக் கூடாது. அவன் வீட்டுல வேற ஒருத்தர் எடுக்கணும்."

வீட்டுல வேற யாரு இருக்கா? நானும் பூனையும். பூனை டப்பாவுக்குள்ள இருந்தது. எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

"நீயும் குடிச்சியாம்மா?"

"ஒரே ஒரு கரண்டி அண்ணாச்சி. அதுவும் காப்புக்கு முந்தின நாள்."

அதைச் சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துருச்சு. அவர் பக்தின்னு நினைச்சுக்கிட்டார். "சரி, போயி தலை முழுகிட்டு வா. இன்னும் மூணு நாள் கிடக்கு"ன்னார்.

முழுகிட்டு வந்தேன். பூசாரி அண்ணாச்சி என் கையில காப்பைக் கட்டினார்.

பொங்கல் அன்னைக்கு, உள்ளங்கையில வேப்பிலையை வச்சு அது மேல தீச்சட்டியை வச்சாங்க. ஊரைச் சுத்தி வரணும். மேல வெயில், முன்னால தீ. மஞ்சள் வேர்வையில கரைஞ்சு கோடு கோடா ஓடுது. புகையில கண்ணு சிவந்து, கன்னத்துல கரி அப்பி, கொலாஜன் எனக்குள்ள எங்கயாவது கொஞ்சம் மிச்சம் இருந்திருந்தா அன்னைக்கே ஆவியா போயிருக்கும். எங்க வீட்டுக்காரர் குடத்துல தண்ணியோட என் கூடவே வந்தார். ஒவ்வொரு முக்குலயும் என் கால்ல தண்ணி ஊத்தினார். நாலு நாளா முகம் குடுத்துப் பேசாத மனுஷன், "வலிக்காட்டி? மெதுவா வா. சட்டிய நிமித்திப் பிடி"ன்னு மூச்சுக்கு மூச்சு கேட்டுக்கிட்டே வந்தார்.

கடைசியில கோயில் வாசல்ல வந்து நின்னோம். விழாக் கமிட்டி வரவழைச்ச போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, உங்க அம்மாவுக்குப் பக்கத்துல கொஞ்சம் நெருங்கி நில்லுங்க."

பஸ்ஸுல கேட்ட சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்துருச்சு. இன்னைக்கு ஊர் முழுக்க இருக்கு, விடிய விடிய சிரிப்பார்னு நினைச்சேன்.

அவர் சிரிக்கல.

"தம்பி, இவ எம் பொஞ்சாதி. எனக்காகத்தான் சட்டி எடுத்திருக்கா"ன்னார். சொல்லிட்டு நெருங்கி நின்னார்.

அந்தப் போட்டோ இப்ப எங்க வீட்டுச் சுவத்துல தொங்குது. அதுல எனக்கு எழுபது வயசு, அவருக்கு நாப்பது.

ஆவணியில செல்விக்கு வலி எடுத்துச்சு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில நானும் அவரும் ராத்திரி பூரா பெஞ்சுல உக்காந்திருந்தோம். விடிஞ்சதும் கதவு திறந்துச்சு. நர்ஸம்மா வெளிய வந்து சத்தமா கேட்டாங்க.

"பொம்பளைப் புள்ளை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. புள்ளையோட ஆச்சி யாரு?"

"நான்தான்! நான்தான் ஆச்சி!"ன்னு செருப்பைக்கூட விட்டுட்டு ஓடினேன். பின்னாலயே ஓடி வந்தவரை நர்ஸம்மா கையை நீட்டி மறிச்சாங்க. "புள்ளையோட மாமா அப்புறம் பாக்கலாம். முதல்ல ஆச்சி பாக்கட்டும்"னாங்க. அந்த அழுகையிலயும் எங்க வீட்டுக்காரர் சிரிச்சிட்டார். நானும்தான் சிரிச்சேன்.

பிள்ளையைக் கையில வாங்கினேன். யார் சாடைன்னு செல்வி படுக்கையில இருந்து கேக்குறா. எனக்குக் கிட்டத்துல ஒண்ணுமே தெரியல. ஒரு சிவப்புத் துணியும் அதுக்குள்ள ஏதோ மங்கலாவும் தெரியுது. ஆறு வருஷம் காத்துக் கிடந்து வந்த பேத்தி, மூக்கு எங்க இருக்குன்னு தடவிப் பாக்க வேண்டியிருக்கு.

மறுநாள் காலையில எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆஸ்பத்திரிக்கு எதுத்த கடைக்குப் போயி, ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிட்டுத் திரும்பணும். இந்தத் தடவை ஒரு தப்பும் நடக்கல.

கண்ணாடியை மாட்டிக்கிட்டு பேத்தி முகத்தைப் பாத்தேன். முகம் பூரா சுருக்கம். அப்படியே என் சாடை.